மணிலாவில் ஒரு செக்போஸ்ட்

அமரவிளைக்காரர்கள் பெண் பார்க்கக் குளத்தூருக்குப் போவார்கள், பாறசாலைக்குப் போவார்கள். கொஞ்சம் வசதி இருந்தால் வாடகைக் கார் பிடித்து மார்த்தாண்டம் வரை போவார்கள். பெண் வீட்டில் ஏத்தங்காய் உப்பேரி தின்று, சாயா குடித்து, பெண்ணின் தம்பி என்ன படிக்கிறான் என்று விசாரித்து, சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து வந்துவிடுவார்கள். நான் இதே வேலைக்காக மணிலாவுக்குப் போனேன். தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மே மாதம், பள்ளிக்கூட விடுமுறையில், தனியாக. விமானத்தில் ஏறினால் காது அடைக்கும் என்று என் கணவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். அவருக்கு நெய்யாற்றின்கரை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாலே காது அடைக்கும்.

எல்லாம் என் தம்பி எட்வினால் வந்தது. அவன் கப்பலில் எலெக்ட்ரீஷியன். அவனுடைய கப்பலை ஒருமுறை பழுது பார்க்க மணிலாவில் கட்டிப் போட்டிருந்தபோது அவனுக்குப் பல் வலி வந்தது. பல் டாக்டரிடம் போனான். டாக்டர் பல்லைப் பிடுங்க, உதவிக்கு நின்ற பெண் இவன் தாடையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பெயர் ரோவெனா. கடைவாய்ப் பல்லோடு வேறு எதையோ சேர்த்து அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று அம்மாவுக்குத் தெரிய ஒரு வருடம் ஆனது. அதுவரை ஒவ்வொரு துறைமுகத்திலும் கம்ப்யூட்டர் இருக்கும் இடமாகத் தேடிப் போய், அவளோடு இன்டர்நெட்டில் எழுத்தாலேயே பேசிக்கொண்டிருந்தான்.

அம்மா மூன்று காரணம் சொன்னாள். பெண் ஆர்.சி., நாங்கள் புராட்டஸ்டண்ட். பெண்ணுக்கு நம் பாஷை தெரியாது. நடுவில் கடல் கிடக்கிறது. ராசையன் சித்தப்பாவுக்கு நான்காவது காரணம் ஒன்று இருந்தது. அவர் மனைவியின் தங்கை மகள் குளத்தூரில் இருந்தாள், அவளோடு கொஞ்சம் ரப்பர் தோட்டமும் இருந்தது. இந்தக் காரணத்தை மட்டும் அவர் வெளியே சொல்லமாட்டார்.

எட்வின் விடாமல் கெஞ்சியதில் அம்மா கடைசியாக என்னைக் கூப்பிட்டாள். "பிள்ளே, நீ போயி பாத்திட்டு வா. நீ கொள்ளாம்னு சொன்னா கொள்ளாம். வேண்டாம்னு சொன்னா அவன் பிறகு வாய தெறக்கப்பிடாது" என்றாள். குடும்பத்தில் எந்தப் பெண்ணையும் எந்த மாப்பிள்ளையையும் நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் முடிவு செய்வார்கள். இதில் எனக்கு உள்ளுக்குள் பெருமை உண்டு, மறைக்க விரும்பவில்லை.

ஒரு நெருக்கடியும் இருந்தது. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும். அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று ஆராதனையில் அறிவிக்க வேண்டும். யாராவது எழுந்தால் கமிட்டி கூடி விசாரிக்கும். எங்கள் கமிட்டி கூடினால் பிரிய மாதக்கணக்காகும். அடுத்த மாதம் கப்பலிலிருந்து ஊருக்கு வரப்போகும் எட்வினுக்குக் கிடைத்த லீவோ மிகக் குறைவு. நான் மணிலாவில் இருக்கப்போகும் அந்த ஞாயிற்றுக்கிழமையே முதல் ஓலை வாசித்தால்தான் இந்த லீவில் கல்யாணம். இல்லையென்றால் இன்னொரு வருடம், அதற்குள் ரப்பர் ஜெயித்துவிடும். ராசையன் சித்தப்பா ஓலை வாசிக்கும்போது எழும்புவேன் என்று சாயாக்கடையில் முன்கூட்டியே அறிவித்திருந்தார்.

மணிலாவிலிருந்து செய்தி அனுப்ப ஒரு வழி செய்துவிட்டுத்தான் கிளம்பினேன். நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சசி என்பவர் டெலிபோன் பூத்தும் போட்டோஸ்டாட்டும் வைத்திருந்தார், அந்த வருடம்தான் இன்டர்நெட்டும் போட்டிருந்தார். நான் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் எழுதி அனுப்ப வேண்டும். அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. சசிக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அதனால் அவர் அதை அப்படியே மலையாள எழுத்தில் கையால் எழுதி, அமரவிளை வழியாகப் போகும் பஸ்ஸில் கொடுத்து விடுவார். அம்மா மலையாள எழுத்தைக் கூட்டி வாசித்துத் தமிழைக் கேட்டுக்கொள்வாள். தமிழ்நாடும் கேரளமும் தொடும் இடத்தில் இருக்கும் எல்லைக்காரர்களுக்கு இதெல்லாம் ஒரு சிரமமே இல்லை.

*

மணிலாவில் இறங்கியதும் ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு தூரம் பறந்து வந்து அதே புழுக்கம், அதே தென்னை, அதே வாழை, அதே துணி காயும் கொடி. ரோவெனாவின் வீடு ஒரு குறுகிய தெருவில் இருந்தது. வீட்டு வாசலுக்கு நான் போனதும் அவள் குனிந்து என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். காய்ச்சல் பார்க்கச் சொல்கிறாள் என்று நினைத்து நானும் புறங்கையை வைத்துப் பார்த்தேன், சூடு ஒன்றும் இல்லை என்று இங்கிலீஷில் சொன்னேன். தெருவே சிரித்தது. பெரியவர்களுக்கு அங்கே அப்படித்தான் வணக்கம் சொல்வார்களாம்.

தெரு என்று நான் சொல்வது வெறும் பேச்சுக்கு இல்லை. பெண் பார்க்க வந்த என்னைப் பார்க்க மொத்தத் தெருவும் வந்திருந்தது. ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து, உங்கள் தம்பியின் தொண்டையில் சிக்கிய மீன் முள் இறங்கிவிட்டதா என்று விசாரித்தாள். எட்வினுக்கு முள் சிக்கியது எனக்கே தெரியாது. இன்னொருத்தி உங்கள் வீட்டு வெள்ளாடு குட்டி போட்டதா என்றாள். அந்த ஆட்டை நாங்கள் விற்று மூன்று மாதம் ஆகியிருந்தது, எட்வினுக்கு எழுத மறந்துவிட்டோம். நான் முழித்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம் ஏதோ சொன்னாள். நடுவில் ஒரு வார்த்தை மட்டும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. செக்போஸ்ட்.

மறுநாள் காலை விஷயம் விளங்கியது. ரோவெனாவின் அத்தை ஒருத்தி, பெயர் பேபி, வயது அறுபது இருக்கும், தெருமுனையில் கடை வைத்திருந்தாள். முன்பக்கம் சோப்பு, கருவாடு, சீனியில் பொரித்துக் குச்சியில் குத்திய வாழைப்பழம். பின்பக்கம் இரண்டு கம்ப்யூட்டர். ரோவெனா அங்கே உட்கார்ந்துதான் எட்வினோடு பேசுவாள். அவள் பின்னால் ஒரு பெஞ்சு போட்டிருந்தது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, வாழைப்பழத்தைக் கடித்துக்கொண்டு, தெருப் பெண்கள் இரண்டு வருடமாக என் தம்பியின் காதலை வாசித்திருக்கிறார்கள். சும்மா வாசித்தால் பரவாயில்லை, பதிலும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அதில் ஒரு நாள் எட்வின் என்னைப் பற்றி எழுதியிருக்கிறான். எங்கள் ஊரில் ஒரு செக்போஸ்ட் உண்டு, லாரிகள் எல்லாம் அங்கே நின்று சோதனை முடிந்துதான் போக முடியும், வீட்டில் அந்த வேலையை என் அக்கா செய்கிறாள் என்று. அக்காவுக்கு அவர்கள் பாஷையில் ஆத்தே. ஆத்தே செக்போஸ்ட் என்பது அன்றிலிருந்து அந்தத் தெருவில் எனக்கு வழங்கும் பெயர். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே வேண்டாம் என்று ஒரே வரி எழுதி சசிக்கு அனுப்பியிருப்பேன். ஆனால் அதற்கும் அந்தப் பெஞ்சுக்கு முன்னால்தானே உட்கார வேண்டும்.

அந்த ஊரில் ரகசியம் என்பதற்கு யாரும் பெரிதாக இடம் கொடுப்பதில்லை. இடுப்பில் பேஜர் என்ற சின்னப் பெட்டியைச் சொருகியிருப்பார்கள். அதற்குச் செய்தி அனுப்ப வேண்டுமென்றால், போனில் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு வாயால் சொல்ல வேண்டும், அவள் தட்டி அனுப்புவாள். ஒரு வாலிபன் பேபியின் கடைப் போனில் தன் காதலியோடு உள்ள சண்டையை முடிக்க மன்னிப்பு சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் நிறுத்தி, சரி, அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள் என்றான். போனில் இருந்த பெண் வாசகத்தைத் திருத்திக் கொடுத்திருக்கிறாள். கடையில் நின்றவர்கள் அந்தத் திருத்தம் நல்லது என்று ஒத்துக்கொண்டார்கள்.

*

மூன்றாம் நாள் எனக்கு வீம்பு வந்தது. துணை இல்லாமல் தனியாக ஊரைச் சுற்றிப் பார்ப்பேன் என்று கிளம்பினேன். அங்கே ஜீப்னி என்று ஒரு வண்டி ஓடுகிறது. ஜீப்பை இழுத்து நீட்டி, பெயிண்ட் அடித்து, மாதாவையும் குதிரைகளையும் ஒட்டி வைத்திருப்பார்கள். கண்டக்டர் கிடையாது. பின்னால் இருப்பவர் காசை முன்னால் இருப்பவர் கையில் கொடுப்பார், அது கைமாறி டிரைவரிடம் போகும், மீதி அதே வழியில் திரும்பி வரும். யார் யாருடைய காசெல்லாமோ என் கை வழியாகப் போனது. பாறசாலை பஸ்ஸில் இப்படி ஒரு ஏற்பாடு செய்தால் கண்டக்டர்களின் சங்கம் மறியல் செய்யும்.

நிறுத்த வேண்டுமென்றால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம், எனக்குத் தெரியாது. கையைக் காட்டினேன், கம்பியைத் தட்டினேன், எழுந்து நின்று தலையை இடித்துக்கொண்டேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்துவிட்டு ஓட்டிக்கொண்டே இருந்தார். கடைசி நிறுத்தம் வரை போய், அதே வண்டியில் திரும்பி, மறுபடியும் என் இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். ஒருவழியாக இறங்கி ஒரு பெரியவரிடம் வழி கேட்டால், அவர் என்னைப் பார்த்து உதட்டைக் குவித்துக் காட்டினார். மறுபடி கேட்டேன், மறுபடியும் குவித்தார். நான் காலில் கிடந்த செருப்பைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தபோது ரோவெனா தேடி வந்துவிட்டாள். இவர்கள் விரலுக்குப் பதில் உதட்டால் திசை காட்டுவார்களாம். அந்தப் பெரியவர் பாவம், சரியான வழியைத்தான் காட்டியிருக்கிறார்.

சாப்பாட்டில் மட்டும் செக்போஸ்டால் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. காலையிலேயே சோறும் கருவாடும். மத்தியானம் புளி கரைத்து ஊற்றிய மீன் குழம்பு, நம் மீன் புளிமுளத்துக்கு மிளகாய் போட மறந்த மாதிரி இருந்தது. மரச்சீனிக் கிழங்கைத் துருவி, சீனியும் தேங்காய்ப்பாலும் விட்டுப் பலகாரம் செய்து வைத்திருந்தார்கள். மரச்சீனிக்கு மீனைத் தொட்டுக்கொள்ளாமல் சீனி போடுவதைப் பார்த்து முதலில் மனசு கேட்கவில்லை, பிறகு நான்கு துண்டு தின்றேன். ரோவெனாவின் அப்பா டொமெங் மத்தியானமே வாசலில் உட்கார்ந்து குடித்தார். நான்கு பேருக்கு ஒரே கிளாஸ், சுற்றிச் சுற்றி வரும். எனக்கும் நீட்டினார்கள், வேண்டாம் என்றதும் அதே கிளாஸில் தண்ணீர் ஊற்றி வரிசை தப்பாமல் எனக்கும் ஒரு சுற்று விட்டார்கள்.

*

வியாழக்கிழமை பேபியின் கடையில் அந்தப் பொரித்த வாழைப்பழத்தைக் கடித்தேன். சீனிப்பாகு கல்லாக இறுகியிருந்தது. என் பல்லுக்குப் போட்டிருந்த தொப்பி பழத்தோடு போய்விட்டது. வலி என்றால் சாதாரண வலி இல்லை, கண்ணில் நீர் வந்தது. ரோவெனா என்னைத் தான் வேலை செய்யும் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

டாக்டர் ஊசி போட்டார். அவள் என் தலைமாட்டில் நின்று தாடையைப் பிடித்துக்கொண்டாள். அழுத்தமும் இல்லை, தளர்வும் இல்லை, பயப்படாதே என்று அந்தக் கை சொல்லிக்கொண்டே இருந்தது. எட்வின் எங்கே விழுந்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. டாக்டர் பஞ்சை வாய் நிறைய அடைத்துவிட்டு மருந்து பிடிக்கட்டும் என்று வெளியே போனார்.

"இப்போது உங்களால் கேள்வி கேட்க முடியாது. அதனால் நான் பேசுகிறேன்" என்றாள் ரோவெனா. நான்கு நாளாகக் கேள்வி கேட்டே அவளைக் கொன்றிருக்கிறேன் என்று எனக்கு அப்போது உறைத்தது. அவள் சொன்னாள், பெஞ்சில் இருப்பவர்கள் சொல்லிக் கொடுத்த பதில்கள் பல உண்டு, ஆனால் ஒரு கேள்வி மட்டும் கடை திறக்கும் முன்னால் தனியாகப் போய் எழுதியது. நீ கப்பலுக்குப் போன பிறகு உன் வீட்டில் நான் யாரோடு பேசுவேன் என்று கேட்டாளாம். எட்வின் அதற்கு மட்டும் இன்றுவரை பதில் எழுதவில்லை.

"உங்கள் சாப்பாடு எனக்குப் பழகிவிடும். கோயில் எதுவானாலும் ஜெபம் ஒன்றுதான். என் பயம் வேறு. ஒரே வீட்டில் நானும் உங்கள் அம்மாவும் இருந்து, இரண்டு பேரும் தனியாக இருப்போமோ என்று பயம்" என்றாள்.

எட்வின் கப்பலில் இருக்கும் நாளெல்லாம் வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. ஆர்.சி., பாஷை, கடல் என்று அவள் விரல் விட்டு எண்ணிய மூன்று காரணங்களுக்கும் அடியில் கிடந்தது இதுதான். சொந்த அம்மாவின் பயத்தை ஒரு அந்நியப் பெண் சொல்லி, பல் ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது. பஞ்சை வைத்துக்கொண்டே நான் அவள் கையைப் பிடித்தேன்.

*

வெள்ளிக்கிழமை பேபியின் கடையில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். பின்னால் பெஞ்சு நிறைந்திருந்தது. எனக்கு ஒரு பயமும் இல்லை, இங்கிலீஷ் எழுத்தில் நான் எழுதும் தமிழை அங்கே யார் வாசிக்கப் போகிறார்கள்? அவர்கள் எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்து, ஓசை நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். அந்தத் தைரியத்தில் நான் மனசில் இருந்ததை எல்லாம் கொட்டினேன்.

வழக்கப்படி, எல்லா நன்மைக்கும் காரணராகிய கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்தேன். பெண் கொள்ளாம் என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாத்தியார் வேலை செய்பவர்களுக்கு உதாரணம் சொல்லாமல் எதையும் முடிக்கத் தெரியாது. பெண்ணின் அப்பா குடிப்பார், ஆனால் வாசலில் உட்கார்ந்து குடிப்பார், அரிஷ்டம், வயிற்றுக்கு மருந்து என்று சொல்லிக் குப்பி வாங்கி ஆலயத்துக்குப் பின்னால் நின்று குடிக்கும் வழக்கம் இங்கே இல்லை என்று எழுதினேன். இவர்கள் அடுத்தவர் கடிதத்தை வாசித்துவிட்டு வாசித்தேன் என்று சொல்கிறார்கள், நம் ஆட்களைப் போல ஆவி காட்டிப் பிரித்து மறுபடி ஒட்டிக் கொடுப்பதில்லை என்று எழுதினேன். பூசைக்குப் பிந்தி வந்தால் பின்னால் நிற்கிறார்கள், முன் பெஞ்சு வரை நடந்து வந்து புதுச்சேலை காட்டுவதில்லை என்று எழுதினேன். ஓலை வாசித்தால் ஒரு ஆள் எழும்பும், அந்த ஆளுக்கு ஆர்.சி.யில் ஒரு சங்கடமும் இல்லை, ரப்பர் கைவிட்டுப் போவதுதான் சங்கடம் என்றும் எழுதினேன். ஒருவர் பெயரையும் எழுதவில்லை. அம்மாவுக்குப் பெயர் தேவைப்படாது.

கடைசியில் அம்மாவுக்கு மட்டும் என்று நான்கு வரி எழுதினேன். எட்வின் போன பிறகு பேச ஆளில்லாமல் அந்தப் பெண்ணோடு தனியாக இருக்க வேண்டுமே என்பதுதான் உங்கள் பயம், வெளியே சொல்ல உங்களுக்கு வெட்கம், அந்தப் பெண்ணுக்கும் இதே பயம்தான் என்றேன். அதற்குக் கீழே ஓலைக்கு வேண்டிய பெண்ணின் பெயர், தாய் தகப்பன் பெயர், ஊர்.

*

திங்கட்கிழமை சசியிடமிருந்து பதில் வந்தது. டீச்சர் என்னை மன்னிக்கணும் என்று ஆரம்பித்தது.

சசி சனிக்கிழமையே என் கடிதத்தை மலையாள எழுத்தில் அழகாக எழுதி அனுப்பியிருக்கிறார். ஓலை விவரம் அடியில் இருந்ததால் அம்மா அந்தத் தாளை அப்படியே சபைச் செயலாளர் தங்கையன் சாரிடம் கொடுத்திருக்கிறாள். வெளிநாட்டிலிருந்து வரும் கடிதங்களை ஓலைக்கு முன்னால் வாசித்து ஸ்தோத்திரம் சொல்வது எங்கள் சபை வழக்கம். தங்கையன் சாருக்கு ஒரு கொள்கை உண்டு, கொடுத்த தாளைக் கொடுத்தபடி வாசிப்பார், கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். ஒருமுறை கல்யாணப் பத்திரிகையை அடியில் இருந்த அச்சகத்தின் பெயர் வரை வாசித்தவர் அவர். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று இருந்ததால் சந்தோஷமாக ஆரம்பித்திருக்கிறார்.

அரிஷ்டம் என்ற இடம் வந்ததும் சார் வாசிப்பதை நிறுத்தினார். அந்த அரிஷ்டக் குப்பி அவருடையது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். விட்ட இடம் தெரியாமல் போனதால் அந்த வரியை முதலிலிருந்து மறுபடியும் வாசித்தார். கொள்கை கொள்கைதான். அதற்குப் பிறகு சபையில் ஒருவரும் தூங்கவில்லை என்று சசி எழுதியிருந்தார். அவர் எங்கள் சபைக்காரர் இல்லை, ஆனால் நடந்ததை ஞாயிறு மத்தியானத்துக்குள் மூன்று பேர் அவர் கடைக்கே வந்து சொல்லியிருக்கிறார்கள்.

ராசையன் சித்தப்பா எழும்பத் தயாராக முன் பெஞ்சின் சாய்மானத்தைப் பிடித்திருந்தாராம். ரப்பர் என்ற வார்த்தை வந்ததும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அம்மாவைப் பற்றி எழுதிய நான்கு வரியையும் சார் வாசித்தார். அம்மா குனிந்தபடி இருந்தாள். பிறகு ஓலை. ஆட்சேபணை உள்ளவர்கள் உண்டா என்று கேட்டபோது ஒருவரும் எழும்பவில்லை. எழும்பினால் அந்த ரப்பர் ஆசாமி நான்தான் என்று எழும்பியது போல ஆகிவிடும் அல்லவா? சித்தப்பா இருமலோடு நிறுத்திக்கொண்டார்.

முதல் ஓலை தாண்டிவிட்டது. எனக்கு அந்தச் சந்தோஷம் ஏறவே இல்லை. அம்மா குனிந்திருந்தாள் என்ற வரியிலேயே கண் நின்றது. அவள் தனிமையை இருநூறு பேர் நடுவில் வாசிக்க வைத்தது நான்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன என்று ரோவெனா கேட்டாள். மறைக்கத் தோன்றவில்லை. நான் எழுதியது, சபையில் நடந்தது, அவள் அப்பா குடிப்பதைப் பற்றி எழுதியது, எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னேன். அவள் தன் பாஷையில் பெஞ்சுக்குச் சொன்னாள். டொமெங் வாசலிலிருந்து எழுந்து வந்து, அந்த அரிஷ்டக்காரர் நல்ல மனிதராக இருக்க வேண்டும், தன்னைப் பற்றித் தானே வாசிக்க எல்லாராலும் முடியாது என்று சொல்லி, அன்று மத்தியானம் அவர் பெயரில் ஒரு சுற்று விட்டார்.

*

புதன்கிழமை அமரவிளையில் இறங்கினேன். செக்போஸ்டில் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. எனக்கு அந்த லாரிக்காரர்களில் ஒருவனாக மாறிவிடலாமா என்றிருந்தது. அம்மா வீட்டுக்குப் போகும் வழியில் முதலில் எதிர்ப்பட்டவர் தங்கையன் சார். வேறு வழியில்லாமல் நின்றேன். "டீச்சரே, அக்சரம் நல்லா தெளிஞ்சிருந்து. வாசிக்க ஒரு கஷ்டமும் இல்ல" என்று சொல்லிவிட்டு நடந்தார். இதற்கு அவர் என்னை நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

அம்மா மரச்சீனி வேகவைத்து மீனும் வைத்திருந்தாள். நான் தின்னவில்லை. அந்தத் தாளில் ஓலை விவரத்தை மட்டும் கிழித்துக் கொடுத்திருக்கக் கூடாதா, வாசிக்காமல் அப்படியே கொடுத்துவிட்டீர்களே என்றேன்.

"ஆரு சொன்னா வாசிக்காம குடுத்தேன்னு? ரெண்டு தடவ வாசிச்சேன்" என்றாள் அம்மா.

அவள் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே பேசினாள். "ராசையன் எழும்புனா கமிட்டி கூடும். அவன எழும்ப விடாம இருக்க வேற என்ன வழி உண்டு? தங்கையன் சாரு குடுத்தத குடுத்தபடி வாசிப்பாரு. அது எனக்கு தெரியும்லா."

"உங்களப் பத்தி எழுதுனத?"

"அத மட்டும் வெட்டிரலாம்னு கத்திரி எடுத்தேன் பிள்ளே. பிறகு வச்சிட்டேன். ஊருல உள்ளவனப் பத்தி எல்லாம் வாசிக்க விட்டுட்டு, நமக்குள்ளத மட்டும் ஒளிச்சு வச்சா அது நியாயம் இல்லல்லா."

குடும்பத்தின் செக்போஸ்ட் நான் என்று இத்தனை வருடம் பெருமைப்பட்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, கையோடு மரச்சீனியையும் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அம்மா, எங்கள் பக்கத்துக் கிழவிகள் வெளியே போக உடுத்தும் வெள்ளை வேட்டியை உடுத்து, நெய்யாற்றின்கரைக்கு என்னோடு பஸ் ஏறினாள். சசியின் கடையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டெலிபோன் பண்ண வந்த நான்கைந்து பேர் அங்கே நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று நான் மெதுவாகச் சொன்னேன். அம்மா கேட்கவில்லை.

"இதுல எழுதுனா, அங்க அந்தப் பெண்ணுக்கு பின்னால இருந்து தெரு முழுக்க வாசிக்கும்னு சொன்னியே. உள்ளதா?"

"உள்ளது அம்மா. எல்லாரும் வாசிப்பாங்க."

"வாசிக்கட்டு. நீ எழுது" என்றாள். பிறகு சபையில் சாட்சி சொல்வது போல, கடையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். "மக்கா ரோவெனா, எனக்கு தனியா இருக்க ஒக்காது. நீ வந்தா நாம ரெண்டு பேரும் பேசலாம். பாஷைய நான் படிச்சுக்கிடுவேன்."